டிரான்ஸ்ஃபர் ஆகி வந்தாச்சு, எலெக்டிவ் எதை எடுக்குறது, எவ்வளவு தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்கால ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷப் படிப்புக் காலேஜ்) படிச்சிட்டு மூணாவது வருஷம் யுனிவர்சிட்டிக்கு மாறி வந்தவ. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் ஜனவரியும் ஃபோன் அடிச்சிட்டே இருக்கும், தெரிஞ்சவங்க வீட்டுப் பசங்க, அவங்க ஃப்ரெண்ட்ஸ், சில நேரம் அவங்க அம்மாவே கூப்பிடுவாங்க. சுத்திச் சுத்தி அதே கேள்விதான். சொன்னதையே சொல்லி எனக்கும் வாய் வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன், கேள்வியை மட்டும் அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன்.

அக்கா, எலெக்டிவ்னா என்ன, இஷ்டத்துக்கு எதை வேணா எடுக்கலாமா?

பாதி குழப்பம் இந்த வார்த்தையிலயே ஆரம்பிக்குது. எலெக்டிவ்னு சொல்றப்போ மூணு வேற வேற விஷயத்தைச் சொல்றாங்க. ஒண்ணு ஜென் எட் (ஜெனரல் எஜுகேஷன், எல்லாருக்கும் பொதுவான பாடம்), அதாவது ஆர்ட்ஸ்ல ஒண்ணு சயின்ஸ்ல ஒண்ணுன்னு அவங்க குடுக்குற லிஸ்ட்டுக்குள்ள நீங்க எடுக்கணும். ரெண்டாவது மேஜர் எலெக்டிவ், மேஜர்னா நீங்க டிகிரி வாங்குற முக்கியப் பாடம், உங்க டிபார்ட்மென்ட் சொல்ற பத்து பதினஞ்சு கோர்ஸ்ல இருந்து மூணோ நாலோ. மூணாவதுதான் ஃப்ரீ எலெக்டிவ், அது மட்டும்தான் நிஜமாவே உங்க இஷ்டம். யாராவது உங்ககிட்ட "எலெக்டிவ்தானே, எதையாவது போடு"ன்னு சொன்னா, இதுல எதைச் சொல்றாங்கன்னு திருப்பிக் கேளுங்க.

எனக்கு 60 கிரெடிட் டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, டிகிரிக்கு 120. அப்போ பாதி முடிஞ்சுது, மீதி பாதியும் இதே மாதிரிதானே?

இல்லைப்பா. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்கப்போறீங்கன்னா இதைப் படிங்க. கிரெடிட்னா ஒரு கோர்ஸ் எவ்ளோ பெருசுன்னு சொல்ற எண். கிரெடிட்டை ஏத்துக்குறது வேற, அது எந்த இடத்துல போய் உக்காருதுங்கறது வேற. பழைய காலேஜ் கோர்ஸுக்கு இங்க சரியான ஜோடி இல்லன்னா அதை ஜெனரல் எலெக்டிவ்னு போட்டு உள்ள தள்ளிடுவாங்க. கிரெடிட் எண்ணிக்கைல அது வரும், ஆனா மேஜருக்கு உதவாது. இப்படி மூணு நாலு கோர்ஸ் போனா என்ன ஆகும்னா, உங்க ஃப்ரீ எலெக்டிவ் இடம் மொத்தமும் நீங்க இந்தக் கேம்பஸ்ல காலடி வைக்குறதுக்கு முன்னாடியே தீர்ந்திடும். மிச்சம் இருக்குற 60 கிரெடிட்டும் கெட்டி கெட்டியான மேஜர் கோர்ஸா நிக்கும். முதல் வருஷத்துல இருந்து இங்கயே படிக்குற பசங்க ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு கஷ்டம் ஒரு லேசுன்னு கலந்து போட்டுக்குறாங்க, நமக்கு லேசு எல்லாம் முன்னாடியே முடிஞ்சிடுது. அதனாலதான் மூணாவது வருஷம் இவ்ளோ கனமா தெரியுது, நமக்குப் புத்தி மட்டுன்னு இல்ல.

அதனால முதல் வேலை டிகிரி ஆடிட்டை (எது முடிஞ்சுது, எது பாக்கின்னு காட்டுற லிஸ்ட்) திறந்து பாருங்க, ஸ்டூடண்ட் போர்ட்டல்லயே இருக்கும். ஃப்ரீ எலெக்டிவ் இன்னும் எத்தனை கிரெடிட் பாக்கின்னு எண்ணி ஒரு பேப்பர்ல எழுதுங்க. 9 இருந்தா அது மூணு கோர்ஸ், நாலு செமஸ்டருக்குப் பிரிக்கணும், முதல் செமஸ்டர்லயே மூணையும் செலவழிச்சிடாதீங்க. இன்னொண்ணு, பல யுனிவர்சிட்டில அப்பர் டிவிஷன் (மூணாவது நாலாவது வருஷ லெவல்) கிரெடிட் இவ்ளோ வேணும்னு தனிக் கணக்கு இருக்கும், கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்தது எல்லாம் லோயர் டிவிஷன்தான், அப்போ மிச்சம் இருக்குற எலெக்டிவ்கூட மேல் லெவல்ல எடுக்க வேண்டி வரலாம்.

எலெக்டிவ்னு தள்ளினதை மாத்தவும் வழி இருக்கு. என்னோட ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கோர்ஸ் அப்படித்தான் ஜெனரல் எலெக்டிவ்னு வந்துச்சு. நான் பழைய சிலபஸ் பிடிஎஃப் தேடி எடுத்து, எந்த வாரம் எந்த டாபிக், எந்த டெக்ஸ்ட்புக்னு இருக்குற பக்கத்தோட டிபார்ட்மென்ட்டுக்கு பெட்டிஷன் போட்டேன், மூணு வாரத்துல மேஜர் ரிக்வயர்மென்ட்டா மாத்திக் குடுத்துட்டாங்க. ஒரு கோர்ஸ் எடுக்க வேண்டியது குறைஞ்சுது, ஒரு எலெக்டிவ் இடமும் திரும்பக் கிடைச்சுது. பழைய சிலபஸ் எதையும் டெலீட் பண்ணிடாதீங்க.

முதல் செமஸ்டர் எத்தனை கிரெடிட்? 15 எடுத்தாதான் டைமுக்கு முடியும்னு எல்லாரும் சொல்றாங்க

கணக்கு சரிதான், 60 பாக்கி, நாலு செமஸ்டர், 15 வருது. ஃபுல் டைம் ஸ்டூடண்ட்னு கணக்குல வர 12 போதும். ஆனா கிரெடிட்டை மணி நேரமா மாத்திப் பாருங்க. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் கிளாஸ், வெளிய குறைஞ்சது ரெண்டு மணி நேரம் வேலை, இப்படி சுமார் 15 வாரம், இதுதான் அமெரிக்கால கிரெடிட்டுக்கு வச்சிருக்குற பொதுவான அளவு. அப்போ 15 கிரெடிட்னா வாரம் 45 மணி நேரம், 12னா 36. லேப் இருக்குற கோர்ஸ் இந்தக் கணக்கையும் மீறும், ஒரே கிரெடிட் லேப் வாரம் மூணு மணி நேரம் நிக்க வைக்கும்.

என் கருத்து, முதல் செமஸ்டர் மட்டும் 12ல இருந்து 14க்குள்ள நிறுத்துங்க. குறையுற ஒரு கோர்ஸை சம்மர்ல எடுக்கலாம், இல்ல பழகினப்புறம் ஒரு செமஸ்டர் 18 போகலாம். புது இடத்துக்கு மாறினதும் முதல் செமஸ்டர் மார்க் கொஞ்சம் சரியுறது ரொம்ப சகஜம், இதுக்கு டிரான்ஸ்ஃபர் ஷாக்னு பேரே இருக்கு, 1965லயே ஜான் ஹில்ஸ்ங்கறவர் இதைப் பத்தி எழுதியிருக்கார். பெரும்பாலும் அடுத்தடுத்த செமஸ்டர்ல மேல ஏறிடும். சரியப்போகுதுன்னு தெரிஞ்சே அந்த செமஸ்டர்லயே 17 கிரெடிட்டைத் தலைல தூக்கி வச்சுக்குறவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பாவமா இருக்கும்.

எங்க யுனிவர்சிட்டி குவார்ட்டர் சிஸ்டம், கணக்கு மாறுமா?

மாறும். குவார்ட்டர்னா வருஷத்தை செமஸ்டரை விடச் சின்னப் பருவமாப் பிரிக்குறது. ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட், 120 செமஸ்டர்னா 180 குவார்ட்டர். கிளாஸ் சுமார் 10 வாரம்தான், மூணாவது நாலாவது வாரத்துலயே மிட்டெர்ம் வந்து நிக்கும். செமஸ்டர்ல பழகினவங்க "இன்னும் டைம் இருக்கு"ன்னு நினைக்குறப்போ அங்க பாதி முடிஞ்சிருக்கும்.

ஈஸியா ஏ கிடைக்குற எலெக்டிவ் எதுன்னு சொல்லுங்களேன் ப்ளீஸ்

நானும் இதே கேள்வியோடதான் அலைஞ்சேன். ஒரு சீனியர் சினிமா பத்தின கோர்ஸ் ஒண்ணைச் சொன்னான், படம் பார்க்கணும் அவ்ளோதான்னு. போய்ப் பார்த்தா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் ஸ்க்ரீனிங், வியாழன் டிஸ்கஷன், வாராவாரம் ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணும். ஒவ்வொண்ணும் சின்ன வேலைதான், ஆனா ஒரு வாரம்கூட மூச்சு விட முடியாது. எனக்கு இன்ஜினியரிங் ப்ராப்ளம் செட்டும் புதன்கிழமை டியூ, அதனால செவ்வாய் ராத்திரின்னாலே வயித்தைக் கலக்கும். படம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நான் பாதிப் படத்துல லேப்டாப்பை மடில வச்சுக்கிட்டு இன்டகிரேஷன் போட்டுட்டு இருந்தேன்.

அதனால ஈஸியான்னு கேக்காதீங்க, எந்த மாதிரி வேலைன்னு கேளுங்க. வேலை நாலு வகை: கணக்கு போடுறது, படிக்குறது, எழுதுறது, லேப் இல்ல ஸ்டூடியோவுல நின்னு செய்யுறது. உங்க மேஜர் கோர்ஸ் மூணும் கணக்குன்னா எலெக்டிவ் எழுதுறதாவோ கையால செய்யுறதாவோ இருக்கட்டும். ஹிஸ்டரி மேஜர் பொண்ணு ஒருத்தி ஏற்கனவே வாரம் 300 பக்கம் படிச்சிட்டு இருந்தா, அவகிட்ட இன்னொரு ரீடிங் செமினாரைத் தள்ளிட்டு பேசிக் ப்ரோக்ராமிங் எடுன்னேன். முதல்ல திட்டினா. அப்புறம், படிச்சுக் கண்ணு வலிக்குறப்போ அதுதான் ரெஸ்ட் மாதிரி இருக்குன்னா. எழுதவே வராதவங்களுக்கு எழுதுற கோர்ஸ் ரெஸ்ட் இல்லதான், அது உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியும்.

ஒரு கோர்ஸ் எவ்ளோ வேலை வைக்கும்னு சேர்றதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்குறது?

சிலபஸ். போன வருஷ சிலபஸ் டிபார்ட்மென்ட் பேஜ்ல இருந்தா எடுங்க, இல்லன்னா புரொஃபசருக்கு ரெண்டு வரி மெயில் போடுங்க, நிறைய பேர் அனுப்பிடுவாங்க. அதுல முதல்ல மார்க் எப்படிப் பிரிச்சிருக்காங்கன்னு பாருங்க. ரெண்டு எக்ஸாம்ல 80 சதவீதம்னா வாராவாரம் நிம்மதி, ஆனா ஒரு நாள் சொதப்பினா போச்சு. பத்து சின்ன அசைன்மென்ட்னா பயம் கம்மி, ஓய்வும் கம்மி. க்ரூப் ப்ராஜெக்ட் இருந்தா நான் வேலையை ஒன்றரை மடங்கா எண்ணிக்குவேன், கேட்டா சண்டைக்கு வருவாங்க ஆனா அதுதான் நிஜம். ஆன்லைன்ல மாணவர்கள் போடுற புரொஃபசர் ரிவ்யூவும் பாருங்க, ஸ்டாரை விட்டுடுங்க, "வாராவாரம் குவிஸ்", "கிரேடு திருப்பித் தர லேட்"ன்னு தகவலா என்ன சொல்றாங்கன்னு மட்டும் பாருங்க.

அப்புறம் இதைச் செய்யுங்க. ஒரு பெரிய பேப்பர்ல 1ல இருந்து 15 வரைக்கும் வாரத்துக்கு ஒரு கோடு, எல்லாக் கோர்ஸ் சிலபஸையும் பக்கத்துல விரிச்சு வச்சு எக்ஸாம் சிவப்பு, பேப்பர் நீலம், மத்தது பென்சில்னு குறிச்சிட்டே வாங்க. எனக்கு 7வது வாரத்துல ஒரே வியாழக்கிழமை ரெண்டு சிவப்பு, ஒரு நீலம், அதுக்கு முதல் நாள் இன்னொரு சிவப்பு. தனித்தனியா பார்த்தப்போ நாலு கோர்ஸும் சாது மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே ஒண்ணை மாத்திட்டு வேற செக்‌ஷன் எடுத்தேன், ரெண்டாவது வாரத்துக்குள்ள பார்த்ததால மாத்த முடிஞ்சுது.

நான் ரெஜிஸ்டர் பண்றப்போ எல்லாமே ஃபுல்லா இருக்கே

ஆமா, ஏற்கனவே இருக்குற பசங்க முன்னாடியே எடுத்து முடிச்சிடுவாங்க, நாம ஓரியண்டேஷன்ல வந்து மிச்சத்தைப் பார்க்குறோம். வெயிட்லிஸ்ட்ல பேரைப் போடுங்க, முதல் கிளாஸுக்கு நேர்ல போய் உக்காருங்க, முடிஞ்சதும் புரொஃபசர்கிட்ட நான் டிரான்ஸ்ஃபர், இது இல்லன்னா அடுத்த கோர்ஸுக்கு ப்ரீரெக்விசிட் (முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய கோர்ஸ்) தடைபடும்னு சொல்லுங்க, பர்மிஷன் கோடு குடுக்குறவங்க இருக்காங்க. ஃபீஸ் கட்டுற கடைசித் தேதிக்கு மறுநாளும் முதல் வாரக் கடைசியும் பார்த்துட்டே இருங்க, அப்போ நிறைய சீட் காலியாகும். எலெக்டிவ் கிடைக்கலன்னா கவலையே படாதீங்க, ஆனா ப்ரீரெக்விசிட் சங்கிலில இருக்குற கோர்ஸ் ஒண்ணு தவறினா ஒரு வருஷம்கூடத் தள்ளிப்போகும், மொத முயற்சி எல்லாம் அதுக்குத்தான்.

தமிழையே எலெக்டிவ்வா எடுத்தா சும்மா ஏ வாங்கிடலாம்ல?

இதைக் கேக்காத ஆளே இல்ல. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா யுனிவர்சிட்டில எல்லாம் தமிழ் சொல்லித்தர்றாங்க. ஆனா வீட்ல சரளமா தமிழ் பேசுற ஆளை அரிச்சுவடி கிளாஸ்ல உக்கார விட மாட்டாங்க, ப்ளேஸ்மென்ட் (எந்த லெவல்னு பார்க்குற டெஸ்ட்) பார்த்து உங்க லெவலுக்குத்தான் போடுவாங்க. பேசத் தெரியும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதுங்கறவங்களுக்கு அது அருமையான கோர்ஸ், மனசாரச் சொல்றேன். சும்மா கிடைக்கும்னு மட்டும் போகாதீங்க, மொழிக் கோர்ஸ் பொதுவாவே வாரத்துல நாலஞ்சு நாள் கிளாஸ் வைக்கும். ஃபாரின் லாங்குவேஜ் ரிக்வயர்மென்ட் பாக்கி இருந்தா, டெஸ்ட் எழுதித் தமிழைக் காட்டி அதைத் தள்ளுபடி பண்ண முடியுமான்னு அட்வைசரைக் கேளுங்க. அது ஆச்சுன்னா எலெக்டிவ்வை வேற எதுக்காவது வச்சுக்கலாம்.

பழைய காலேஜ்ல ஜிபிஏ 3.9, அது கை குடுக்கும்ல?

பெரும்பாலான இடத்துல கிரெடிட் மட்டும்தான் வரும், கிரேடு வராது, ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி (ஏக்கு 4, சிக்கு 2), பூஜ்யத்துல இருந்து ஆரம்பம். இதனால என்ன ஆகுதுன்னா, 60 கிரெடிட்ல 3.9 இருந்து ஒரு 3 கிரெடிட் கோர்ஸ்ல சி வாங்கியிருந்தா 3.81க்குத்தான் இறங்கும். இங்க முதல் செமஸ்டர் 12 கிரெடிட்ல மத்ததெல்லாம் ஏ, ஒண்ணு மட்டும் சி கிரேடுன்னா நேரா 3.5. அந்த ஒரு சி ஏதோ டைம்பாஸுக்கு எடுத்த எலெக்டிவ்ல வந்தா எவ்ளோ எரிச்சலா இருக்கும்னு யோசிங்க. மேல்படிப்புக்கு அப்ளை பண்றப்போ ரெண்டு காலேஜ் டிரான்ஸ்கிரிப்டும் (மார்க் பட்டியல்) கேப்பாங்க, அதனால பழைய உழைப்பு வீண் இல்ல.

அப்போ எலெக்டிவ்வை பாஸ்/ஃபெயில்ல போட்டுடலாமா?

ஃப்ரீ எலெக்டிவ்னா நல்ல யோசனை, பாஸ் ஆனா கிரெடிட் வரும், ஜிபிஏவைத் தொடாது. மேஜர் கோர்ஸுக்குப் பொதுவா விட மாட்டாங்க, ஜென் எட்டுக்கும் சில இடத்துல விட மாட்டாங்க. பாஸ்னா டி வாங்கினாப் போதும்னு நினைச்சுக்காதீங்க, பல இடத்துல சி அல்லது சி மைனஸ் வேணும். மெடிக்கல் ஸ்கூல் ஐடியா இருக்கவங்க சயின்ஸ் கோர்ஸ் எதையும் இப்படிப் போடாதீங்க.

வாரம் 20 மணி நேரம் வேலைக்குப் போறேன், சமாளிக்கலாமா?

மேல சொன்ன கணக்கோட கூட்டிக்கோங்க. 12 கிரெடிட்டுக்கு 36, வேலை 20, மொத்தம் 56. 15 கிரெடிட்னா 65. பஸ்ல போற நேரம், சமைக்குற நேரம் இதுல இல்ல. 56ஐ சமாளிச்சவங்களைப் பார்த்திருக்கேன், 65ல ஓடினவங்க அக்டோபர் கடைசில ஏதோ ஒண்ணை விட்டாங்க, அது தூக்கமாவோ கோர்ஸாவோ. எஃப்-1 (ஸ்டூடண்ட்) விசால இருக்கவங்களுக்கு கிளாஸ் நடக்குற காலத்துல கேம்பஸ் வேலை 20 மணி நேரம்தான் உச்சவரம்பு.

நாலாவது வாரமே முடியல. டிராப் பண்ணா டிரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ விழுமாமே?

முதல் ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள டிராப் பண்ணா தடமே இருக்காது. அதுக்கு மேல வித்ட்ரா, டபிள்யூ விழும், ஜிபிஏவைத் தொடாது. ஒரு டபிள்யூவைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க, எஃப் (ஃபெயில்) வாங்குறதை விட ஆயிரம் மடங்கு மேல். தேதி ஒவ்வொரு இடத்துக்கும் வேற, அகாடமிக் காலண்டர்ல இருந்து எடுத்து அந்தப் பெரிய பேப்பர்லயே குறிச்சு வைங்க.

ஃபெடரல் எய்ட் (அமெரிக்க அரசாங்கம் தர்ற படிப்பு நிதி உதவி) வாங்குறவங்க இன்னொண்ணு பார்க்கணும். முயற்சி பண்ண கிரெடிட்ல இத்தனை சதவீதம் முடிச்சிருக்கணும்னு ஒரு விதி உண்டு, பல இடத்துல 67. டபிள்யூ முயற்சில சேரும், முடிச்சதுல சேராது. ஆனா ஏத்துக்கிட்ட டிரான்ஸ்ஃபர் கிரெடிட் ரெண்டு பக்கமும் சேரும், அதனால 60ஓட வந்தவங்க 12ல 6ஐ விட்டாக்கூட 72க்கு 66, அதாவது 92 சதவீதம். 67ஐ நினைச்சு நடுங்க வேண்டாம். 12க்குக் கீழ போனா எய்ட் தொகை குறையலாம், அதை மட்டும் முன்னாடியே எய்ட் ஆபீஸ்ல கேட்டுக்கோங்க.

நான் எஃப்-1. 13 கிரெடிட்ல ஒண்ணை விட்டா 10 ஆயிடும், பதிலுக்கு ஒரு ஆன்லைன் எலெக்டிவ் சேர்த்துக்கலாமா?

முதல்ல எந்த பட்டனையும் அழுத்தாதீங்க. எஃப்-1ல இளங்கலைக்கு 12 கட்டாயம், அதுல முழு ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு, அதாவது 3 கிரெடிட், அவ்ளோதான் கணக்குல எடுப்பாங்க. ஏற்கனவே ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருந்தா ரெண்டாவது சேர்த்தாலும் விசாவுக்கு அது இல்லாத மாதிரிதான். நேர்ல நடக்குற, பாதி செமஸ்டர்ல ஆரம்பிக்குற எட்டு வார கோர்ஸ் ஏதாவது இருக்கான்னு தேடுங்க, பல யுனிவர்சிட்டில உண்டு, என் ரூம்மேட் அப்படி ஒண்ணுலதான் தப்பிச்சா.

அதுவும் இல்லன்னா டிஎஸ்ஓகிட்ட (காலேஜ்ல எஃப்-1 விஷயம் பார்க்குற அதிகாரி) ரெட்யூஸ்டு கோர்ஸ் லோட், அதாவது 12க்குக் கீழ படிக்க அனுமதி, கேக்கணும். மொழிச் சிரமம், இங்கத்தி பாட முறை பழகாதது, தப்பான லெவல்ல சேர்த்துட்டது, இந்த மாதிரிக் காரணத்துக்குக் குடுப்பாங்க, அப்பவும் பாதி லோடாவது இருக்கணும், அதே டிகிரில மறுபடி இந்தக் காரணத்துக்குக் கிடைக்காது. உடம்பு சரியில்லன்னா டாக்டர் லெட்டரோட தனி வழி. எதுவா இருந்தாலும் அனுமதி முதல்ல, டிராப் அப்புறம். மாத்திப் பண்ணா விசா ஸ்டேட்டஸே போயிடும்.

ஃப்ரீ எலெக்டிவ் இடமே மிச்சம் இல்ல. ஆனா ஆசைக்கு ஒரு மியூசிக் கோர்ஸ் எடுக்கணும், எய்ட் கவர் பண்ணுமா?

இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. டிகிரிக்குத் தேவையான கோர்ஸை வச்சுத்தான் ஃபெடரல் எய்ட்டுக்கு உங்க லோடைக் கணக்கு பண்ணுவாங்க. ஃப்ரீ எலெக்டிவ் இடம் பாக்கி இருக்குற வரைக்கும் மியூசிக்கும் தேவையானதுதான். இடம் நிரம்பினப்புறம் இல்ல. 9 மேஜர் கிரெடிட்டும் 3 மியூசிக்கும் போட்டா போர்ட்டல்ல 12னு காட்டும், எய்ட் ஆபீஸுக்கு 9தான். ரெண்டாவது கேள்வில பேப்பர்ல எழுதச் சொன்னேனே ஒரு எண், அது இதுக்கும்தான். அந்தக் கோர்ஸ் ஜென் எட்லயோ மைனர்லயோ (துணைப் பாடம்) எங்கயாவது பொருந்துமான்னு பாருங்க, இல்லன்னா கிரெடிட் இல்லாம கிளாஸ்ல உக்காந்து மட்டும் கேக்கலாம் (இதையும் ஆடிட்னுதான் சொல்வாங்க), அது லோடுல சேராது.

ஏம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்குற பையன் எதுக்குப் பானை செய்யுற கிளாஸ் எடுத்திருக்கான்? மார்க்கும் காட்ட மாட்டேங்குறான், காலேஜ்ல கேட்டா சொல்லுவாங்களா?

ஆன்ட்டி, சொல்ல மாட்டாங்க. 1974ல வந்த ஃபெர்பான்னு ஒரு சட்டம் இருக்கு, காலேஜ்ல சேர்ந்துட்டா மார்க் விவரம் பையனுக்குச் சொந்தம், ஃபீஸ் நீங்க கட்டினாலும் அவன் கையெழுத்து போட்டுக் குடுத்தாதான் உங்களுக்குக் காட்டுவாங்க. வரிக் கணக்குல அவன் உங்க டிபெண்டன்ட்டா இருந்தா காலேஜ் நினைச்சா சொல்லலாம், ஆனா சொல்லித்தான் ஆகணும்னு இல்ல.

பானை விஷயத்துக்கு வர்றேன். மூணு கோர்ஸ் கோடு எழுதுறது, நாலாவது மண்ணு பிசையுறது, எனக்கு அது சரியான கலவைன்னுதான் படுது. ஒரு குறைதான், ஸ்டூடியோ கோர்ஸ் மூணு கிரெடிட்டுக்கு வாரம் ஆறு மணி நேரம்கூட உள்ள உக்கார வைக்கும், மண்ணு காயுறதுக்கும் சூளைல வைக்குறதுக்கும் அவசரப்படுத்த முடியாது, அதனால கடைசி நாள்ல ராத்திரி முழிச்சு முடிக்குற வேலை அங்க நடக்காது. திட்டுறதுக்கு முன்னாடி அந்தக் கிளாஸ் எந்த இடத்துல உக்காருதுன்னு மட்டும் அவனைக் கேளுங்கன்னு சொன்னேன். கேட்டிருக்காங்க. டிகிரி ஆடிட்ல ஃபைன் ஆர்ட்ஸ் மூணு கிரெடிட் பாக்கி, டிரான்ஸ்ஃபர்ல வரவே இல்லையாம்.